லெஸ்லியின் முதுகு நிமிர்ந்ததும் அந்தோனியார் சாய்ந்ததும்

லெஸ்லி என் பக்கத்து வீட்டுக்காரர். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப்படகில் கயிறு இழுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் இழுத்ததெல்லாம் பிளாஸ்டிக் கதிரையைத் தொலைக்காட்சிக்குக் கிட்ட. அதிலேயே இருந்து இருந்து முதுகு இறால் மாதிரி வளைந்துவிட்டது.

உலகத்தில் அவருக்கென்று ஒரேயொரு பதவிதான் இருந்தது. எங்கள் கடற்கரைக் கோவிலில் அந்தோனியார் திருவிழாவன்று சுரூபத்தைத் தோளில் தூக்கும் நால்வரில் அவரும் ஒருவர். முன்பக்கம், இடது தோள். சுற்றுப்பிரகார ஊர்வலம் இறங்குதுறைக்கு வந்ததும் நால்வரும் ஒற்றை முழங்காலில் இறங்குவார்கள். படகுக்காரர்கள் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு முடிந்ததும் எழும்புவார்கள்.

போன வருசம் மூன்று பேர்தான் எழும்பினார்கள். லெஸ்லியின் முதுகு பிடித்துக்கொண்டது. அந்தோனியார் மெல்லச் சரிந்து, கரையில் நின்ற மீன்காரியின் தோளில் சாய்ந்தார். அவள் பயப்படவில்லை, தாங்கிப் பிடித்தாள். ஆனால் புனிதரின் கையிலிருந்த லீலிப்பூ கடலுக்குள் போய்விட்டது.

திருவிழாக் குழுத் தலைவர் ஜக்சன். லெஸ்லியின் அக்கா மகன், குள்ளமான பொடியன், லெஸ்லிக்குப் பக்கத்தில் வலது தோள் கொடுப்பவன். அவன் வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னான்.

"மாமா, வாற வருசம் நீங்கள் குடை பிடியுங்கோ."

"ஏன் குடை?"

"பாதருக்கு வெயில் படாமல்."

"சுற்றுப்பிரகாரம் பொழுதுபட்டாப் பிறகுதானேடா."

"அப்ப பனி படாமல் பிடியுங்கோ."

லெஸ்லி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய மனைவி இன்பமலர் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள். பராமரிப்புப் பயிற்சி எடுத்து, சைப்பிரசில் வயதானவர்களைத் தூக்கி நிமிர்த்திவிட்டு வந்தவள் நான். இந்த ஒழுங்கையில் யாருக்கு எங்கே பிடித்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள்.

முதுகை அழுத்திப் பார்த்தேன். குனிய வைத்தேன். எழும்ப வைத்தேன்.

"எலும்பில பிழை இல்லை. துருப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு நாளும் விடிய யோகா செய்தால் போகும்," என்றேன்.

"அது சைவ ஆக்களின்ர வேலையெல்லோ அக்கா?"

"உங்கட முழங்கால் என்ன சமயமோ?"

அவர் யோசித்தார். பிறகு பாதரிடம் போய்க் கேட்டார். பாதர் தனக்கும் இடுப்பு நோ என்றும், என்னிடம் கேட்டு ஏதாவது சொல்லும்படியும் சொல்லியனுப்பினார்.

ஒவ்வொரு ஆசனத்திலும் பத்து மூச்சு நிற்கச் சொன்னேன். லெஸ்லிக்கு மூச்சை எண்ண ஏலாது. எண்ணினால் மூச்சை மறந்துவிடுவார், மூச்சு விட்டால் எண்ணிக்கையை மறந்துவிடுவார். இன்பமலர்தான் வழி சொன்னாள். அவள் எப்படியும் விடிய செபமாலை சொல்கிறவள். ஒரு ஆசனத்துக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. அவள் குசினி வாசலில் மாலையோடு இருக்க, இவர் முற்றத்தில் பாய் விரித்து நிற்பார்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்ததை நாங்கள் யோசிக்கவில்லை. செபத்தின் வேகம் இன்பமலரின் கையில். அவள் நல்ல மனநிலையில் இருந்தால் செபம் கொழும்பு பஸ் மாதிரிப் பறக்கும். கோபமென்றால் ஒவ்வொரு சொல்லிலும் தரித்து நின்று, நடுவில் அடுப்பையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வருவாள். அதுவரைக்கும் லெஸ்லி ஒரு பக்கம் வளைந்தபடி நடுங்கிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் காலை வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கெஞ்சினார்.

"அக்கா, இவ வேணுமெண்டு இழுக்கிறா."

"இராத்திரிச் சொதியைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"உப்புக் காணாதெண்டனான்."

"அப்ப நில்லுங்கோ."

அன்றைக்கு அவர் நின்றது கதிரை ஆசனத்தில். அதாவது கையிரண்டையும் மேலே தூக்கி, முழங்காலை மடித்து, இல்லாத கதிரையில் இருப்பது போல நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஆசனத்துக்கு அந்த வீட்டில் சொதிக் கதிரை என்று பெயர். அன்றைக்கே, எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரியும் மான்களில் ஒன்று படலைக்குள்ளால் வந்து அவருடைய பாயின் விளிம்பைச் சப்பத் தொடங்கியது. செபம் பாதியில் நின்றபடியால் அவரால் துரத்தவும் ஏலாது. மான் ஆறுதலாகத் தின்றது.

ஆனால் பலன் இருந்தது, அதை நான் மறைக்கமாட்டேன். தைப்பொங்கலுக்குள் அவர் குனிந்து செருப்பு மாட்டினார். தவக்காலத்தில் முழங்காலில் நின்று, வாங்குப் பலகையைப் பிடிக்காமல் எழும்பினார். இரவில் நித்திரை வந்தது, மலச்சிக்கல் போனது. குணமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கத் திட்டுவார். இப்போது மூச்சை நீளமாக விட்டுவிட்டு, "தம்பி, இரண்டு பனிஸ் தாரும்," என்பார். பாண்காரன் முதல்நாள் பயந்துபோய் மிச்சக் காசையும் கூடத் தந்துவிட்டுப் போனான்.

திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் ஒத்திகை. லெஸ்லி எல்லோருக்கும் முன்னால் ஒற்றை முழங்காலில் இறங்கி, எழும்பிக் காட்டினார். குடை வேறொருவர் கைக்குப் போனது. நால்வரும் சுரூபத்தைத் தூக்கினார்கள்.

அந்தோனியார் சாய்ந்தார்.

இறக்கி, மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் ஜக்சன் பக்கமாகவே சாய்ந்தார். நான் போய்ப் பார்த்தேன். விசயம் விளங்கிவிட்டது. இத்தனை வருசமும் குள்ளமான ஜக்சனின் தோளும் வளைந்த லெஸ்லியின் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. இப்போது லெஸ்லி நிமிர்ந்துவிட்டார்.

"மாமா, நீங்கள் வளர்ந்திட்டீங்கள்," என்றான் ஜக்சன், ஏதோ களவு பிடித்தவன் மாதிரி.

"பின்பக்கம் போறனே."

"பின்னுக்கு நிக்கிற இரண்டு பேரும் தென்னைமரம். அங்க உங்கட உயரம் காணாது. குடையைத் திருப்பி வாங்கட்டோ?"

பழைய லெஸ்லி என்றால் சுரூபத்தை விட்டுவிட்டு ஜக்சனைத் தூக்கியிருப்பார். இவர் மூச்சை இழுத்து, மெல்ல விட்டார்.

ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டு நின்றாள் இன்பமலர். சுற்றுப்பிரகாரத்தில் செபமாலை சொல்வது அவள்தான். மைக்கை மூடாமலேயே சொன்னாள், கரை முழுக்கக் கேட்டது.

"இஞ்சேருங்கோ, சொதிக் கதிரையில இருங்கோ."

லெஸ்லி முழங்காலைக் கொஞ்சம் மடித்தார். அந்தோனியார் நேரானார்.

"அப்பிடியே நடக்க ஏலுமோ?" என்று ஜக்சன் கேட்டான்.

"உன்ர மாமியின்ர செபத்தில நிண்டவனடா நான்."

அடுத்த நாள் லெஸ்லி அப்படியே நடந்தார். மேலே நிமிர்ந்த முதுகு, கீழே மடித்த கால், தாரா வாத்து மாதிரி. ஆனால் சுரூபம் தட்டில் வைத்த தண்ணீர் போல அசையாமல் போனது. முதல் திருப்பத்தில் அவருடைய தொடை நடுங்கியதை நான் பார்த்தேன். இன்பமலரும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்தச் செபமாலை போன வேகத்தை எங்கள் கோவில் அதற்குமுன் கண்டதில்லை. ஒரு மந்திரம் முடிய முதல் மற்றது தொடங்கியது. பதில் சொன்ன சனம் சொல்லிக்கொண்டே ஓடியது. பாண்டு வாத்தியக்காரர் ஊதியபடி பாய்ந்தார்கள். குடைக்காரர் ஒரு பக்கம், பாதர் இன்னொரு பக்கம். இடுப்பு நோ என்ற பாதர் முன்வரிசையைப் பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

இறங்குதுறையில் நால்வரும் முழங்காலில் இறங்கினார்கள். படகுக்காரர்கள் பாதத்தைத் தொட்டார்கள். போன வருசத்து மீன்காரி, தேவைப்படுமென்று தோளைத் தயாராக வைத்துக்கொண்டு கிட்ட நின்றாள். தேவைப்படவில்லை. லெஸ்லி முதலில் எழும்பினார். மூச்சு வாங்கிய ஜக்சனைத்தான் பின்னாலிருந்து ஒருவர் தள்ளி எழுப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் விடிய வேலிக்கு மேலால் பார்த்தேன். லெஸ்லி சொதிக் கதிரையில் நின்றார். இன்பமலர் ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டிருந்தாள். இராத்திரி மீன்குழம்பில் புளி கூட என்று சொல்லிவிட்டாராம்.

படலையைத் திறந்துகொண்டு ஜக்சன் வந்தான். கக்கத்தில் புதுப்பாய். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைத்தான் கேட்டான்.

"பெரியம்மா, நானும் செய்தால் மாமா மாதிரி வளருவனோ?"

"வளரமாட்டாய். பாயை விரி."