கோழிப்பண்ணை வீட்டில் எனக்கு வைத்த பத்தியம்

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற என் அண்ணன் வீட்டில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் கோபம்தான் முதலில் வருகிறது. கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்கப் பலருக்கு வாய் துறுதுறுக்கும். சர்க்கரை வந்தவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை, என்னிடமும் கேட்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடையில் பில் போடும் வேலை. காய்ச்சல் விட்டுவிட்டு வந்து உடம்பு ஓய்ந்துபோனதால், தேறும் வரைக்கும் இருக்கலாம் என்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரிடமும் அவர் மனைவியிடமும் விஷயத்தை மறைக்கவில்லை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அண்ணன் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். தினமும் வேன் வந்து முட்டை ஏற்றிக்கொண்டு போகும். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது கஞ்சி, மிளகு ரசம், சுட்ட அப்பளம். முட்டை சூடு, கறி ஆகாது, கடலை பித்தம், தயிர் சளி என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார் நங்கையா. “பத்தியமிருந்தாத்தான் மருந்து புடிக்கும் அம்மிணி” என்பார். பத்தியச் சமையல் என்பதால் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனித் தட்டு. நாட்டு மருந்து சாப்பிட்டால் பத்தியம் இருப்பது எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம். எனக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று நெஞ்சு நெகிழ்ந்துதான் போனேன்.

ஆனால் உடம்பு தேறவில்லை. நடந்தால் கால் நடுங்கியது, தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது எடை இன்னும் இறங்கியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று அங்கிருந்த ஆலோசகர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றேன். அப்புறம் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மாத்திரைக்குப் பத்தியமே கிடையாது, நோயோடு மல்லுக்கு நிற்கிற உடம்புக்கு மற்றவர்களைவிட நல்ல சாப்பாடு வேண்டும் என்றார். முட்டை, பருப்பு, கடலை, கம்பு, ராகி, கீரை, பழம் எல்லாம் சாப்பிடலாம். முட்டையும் கறியும் நன்றாக வெந்திருக்க வேண்டும், கீறல் விழுந்த முட்டை வேண்டாம், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஒன்றாகச் சாப்பிடுவதாலோ ஒரே பாத்திரத்தைப் புழங்குவதாலோ இது யாருக்கும் தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷமாக இருந்தது. இனி நங்கையாவுக்கும் தனிச் சமையல் வேலை மிச்சம் என்று நினைத்தேன். வீட்டில் அத்தனையையும் சொன்னேன். நங்கையா தலையாட்டினார். அவருக்குச் சிரமம் வேண்டாமென்று நானே பண்ணையிலிருந்து இரண்டு முட்டை எடுத்து வந்து, சமையலறையில் கைக்குக் கிடைத்த சட்டியில் வேகவைத்துச் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

மறுநாள் காலையில் அந்தச் சட்டி மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அதில் நாய்க்குச் சோறு போட்டிருந்தார்கள்.

ஏன் என்று நங்கையாவிடம் கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. “கொழந்தைங்க பொழங்கற ஊடு அம்மிணி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தனி அடுப்பும் தனித் தட்டும் என் மருந்துக்காக இல்லை. தீட்டு என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தயங்கி, பத்தியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திட்டியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். அன்பு என்று நம்பி அரைப் பட்டினி கிடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் கோழி ஷெட்டில் தீவனம் கலந்துகொண்டிருந்தார். மக்காச்சோளம், சோயா, கிளிஞ்சல் தூள் என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் போடுவார். நேராக அவரிடமே போய்க் கேட்டேன்.

“கோழிக்குச் சத்து கொஞ்சம் கொறஞ்சாலே டாக்டரைக் கூப்புடறீங்களே, அண்ணா. உங்க தங்கச்சிக்கு மட்டும் ஏனுங்க வெறுங்கஞ்சி?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவ பயப்படறா. நான் என்ன பண்ணட்டும்?” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் என் அறை வாசலில் ஒரு அட்டை முட்டை இருந்தது. விலைக்குப் போகாமல் ஒதுக்கிய கீறல் முட்டைகள். கூடவே புதுசாக ஒரு சின்னச் சட்டி. இதுதான் சமாதானமாம். ஆலோசகர் வேண்டாம் என்று சொன்னதை அந்த வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. இரண்டையும் தொடாமல் அடுத்த பஸ்ஸில் சேலத்துக்குத் திரும்பினேன்.

அப்புறம் நானே சமைத்தேன். காலையில் ராகிக் களியோ கம்பங்கூழோ, மதியம் பருப்பும் கீரையும், தினமும் முட்டை. கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறியது, வேலைக்கும் போனேன். மாத்திரையை விடவே இல்லை. இப்போது ரத்தத்தில் கிருமி சோதனைக்கே தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது.

போன மாதம் நங்கையா போன் செய்தார். கோயிலில் கிடா விருந்து, அவசியம் வர வேண்டும் என்றார். “உனக்குன்னு பத்தியச் சோறு தனியாச் செஞ்சு வெச்சர்றேன்” என்றார், அதே பாசமான குரலில்.

“பந்தியில எல்லாரோடவும் சேத்து எனக்கும் எலை போடுங்க நங்கையா, வாரேன்” என்றேன்.

அண்ணனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். விருந்து முடிந்துவிட்டது, பதில் வரவில்லை. நோயோடு வாழப் பழகிவிட்டேன். ஆனால் யாராவது அக்கறையோடு பத்தியம் என்று சொன்னால், அது யாருக்காக என்று கேட்காமல் ஒரு வாய்கூட என்னால் இன்றுவரை சாப்பிட முடிவதில்லை.