ரப்பரில் ஓர் ஓட்டை

அடுப்பில் கேழ்வரகுக் கஞ்சி கொதிக்கும் வாசனையில் என் தூக்கக் கலக்கம் போய்விட்டது. ஆறு மாத மகளுக்கு இன்றுதான் முதல் கஞ்சி.

தொண்ணூற்று மூன்றில், மேற்கு மாம்பலத்தில், எனக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையான தம்பி ராத்திரி முழுக்க அழுவான். அம்மா தூங்கிப் பல நாளாகியிருந்தது. "கஞ்சி கெட்டியாக் குடிச்சா தூங்குவான். ஊசியைச் சுட்டு, பால்புட்டி ரப்பர்ல ஓட்டையைப் பெருசு பண்ணுடி" என்றாள். நானும் செய்தேன். மத்தியானம் புட்டியைத் தலையணையில் சாய்த்து அவன் வாயில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே அம்மா கண்ணயர்ந்தாள். கஞ்சி புரையேறி அவன் மூச்சு நின்றுபோனது.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "ஓட்டையை நான்தான் பெருசு பண்ணேன்" என்றே சொன்னாள்.

இன்று அடுப்பருகே வந்து நின்றாள். "மடியில உக்கார வெச்சு, ஸ்பூன்ல குடு."

"நீயே ஊட்டேம்மா" என்றேன்.

அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.