வைக்கோல்போர் மேல் கிடந்த பாஸ்வேர்டு

“நெட்டு நவுரவே மாட்டேங்குது, கொஞ்சம் சீக்கிரம் வாம்மா” என்றுதான் ஏகாம்பரம் அண்ணன் போன் செய்திருந்தார். நான் போய் ஸ்கூட்டியை நிறுத்தினால், வாசற்படியில் ஒரு துணிப்பை. பக்கத்தில் அவருடைய மருமகள் சுகந்தி, அழுது வீங்கிய முகமும் இடுப்பில் பிள்ளையுமாக நிற்கிறாள். அவளை அழைத்துப்போக ராஜகுளத்திலிருந்து வந்த அவளுடைய அண்ணன் பைக்கை விட்டு இறங்கவே இல்லை.

நான் உத்திரமேரூரில் கேபிள் டிவி காலத்தில் ஆபீசில் கம்ப்ளெயின்ட் எழுதும் வேலைக்குச் சேர்ந்தவள். லைன்மேன்கள் “நாளைக்கு, நாளைக்கு” என்று இழுத்தடித்ததில் ஆத்திரம் வந்து ஒயர் முனையில் கனெக்டரை அழுத்தி மாட்டுகிற கிரிம்பிங் டூலை நானே கையில் எடுத்துக்கொண்டேன். இப்போது இன்டர்நெட்டுக்கு ஃபைபர் இழுக்கிறேன். லைனுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த வீட்டுக் கதையைத்தான்.

சுகந்தியின் மாமியார் கன்னியம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “நீயே கேளு. வூட்ல காலைல பேசறது சாயங்காலம் டீக்கடைல கீது. ஏரிக்கரை நெலத்தை குத்தகைக்கு எடுக்கலாம்னு ராத்திரி பேசறோம், விடிஞ்சா என் கொழுந்தன் தசரதன் போயி எடுத்துக்கினு வந்துட்டான். பொண்ணுக்கு ஓரிக்கைல வரன் பாக்கறதும் அவங்களுக்குத் தெரிஞ்சி கீது. எல்லாம் இவ வாயி! கொழாயாண்ட நின்னுக்கினு அந்த வூட்டு மருமககிட்ட ஒப்பிச்சிட்டு வரா.”

“சத்தியமா நான் சொல்லலக்கா” என்றாள் சுகந்தி. புருஷன் குவைத்தில் வேலை. இந்தப் பழியோடு தாய்வீட்டுக்குப் போனால் அவள் எந்த முகத்தோடு திரும்பி வருவாள்? ஆனாலும் குடும்பச் சண்டையில் ஒயர்காரிக்கு என்ன வேலை? ரௌட்டரிடம் போய் உட்கார்ந்தேன்.

என் போனில் ரௌட்டர் பக்கத்தைத் திறந்தேன். புதிய ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் அதே அட்மின் பாஸ்வேர்டு, யாரும் மாற்றவில்லை. கனெக்ட் ஆன போன்களின் லிஸ்டைப் பார்த்தால் எனக்கே மயக்கம் வந்தது. வீட்டில் இருப்பது நாலு போன். லிஸ்டில் கல்யாணப் பந்தி போல ஒரு கூட்டம்; பிறகு நெட்டு எப்படி நகரும்?

“வைஃபை பாஸ்வேர்டு இன்னாண்ணா?”

“பேரன் பேரும் பொறந்த தேதியும்தாம்மா. பையன் வெச்சிக் குடுத்தான். அந்தக் கேமராவுக்கும் அதேதான், மறக்காது பாரு.”

அப்போதுதான் டிவிக்கு மேலே இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தேன். குவைத்திலிருந்து பிள்ளையைப் பார்க்க மகன் மாட்டியது. அண்ணனின் போனை வாங்கி ஆப்பைத் திறந்தேன். அவருடைய நம்பரில் உள்ளே நுழைந்திருந்த போன்கள் மூன்று. ஒன்று அவருடையது, ஒன்று மகனுடையது. மூன்றாவது யாருடையது?

“உன் போன்ல இது கீதா சுகந்தி?”

“இல்லக்கா. எனக்கு பாஸ்வேர்டே யாரும் சொல்லலியே.”

எழுந்து, ஒயர் பார்க்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே வைக்கோல்போர் நனையாமல் இருக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைப் போர்த்தியிருந்தார்கள். பேரனின் முதல் பிறந்தநாள் பேனர். முழம் நீளத்துக்குப் பிள்ளையின் பெயர், அதன்கீழ் தேதி. அட கடவுளே! ஒரு வாரம் ஊர்முனைக் கூட்ரோட்டில் நின்றுவிட்டு இப்போது வைக்கோல்மேல் படுத்திருக்கிறது இந்த வீட்டுச் சாவி!

பெரியவர்கள் இருவரையும் அங்கேயே கூப்பிட்டு, கேமரா வழியாக யாரோ பார்க்கிற விஷயத்தைச் சொன்னேன். கன்னியம்மா நம்பவில்லை. “அது பாக்கத்தானே செய்யும்?”

“கேக்கவும் செய்யும்க்கா.” சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்த வீட்டுச் சுவரில் கண்ணையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். “ஒரு பொய் சொல்லிப் பாப்போம். சுகந்தி போன் எங்கிட்ட இருக்கட்டும். யாரும் வெளிய போவாதீங்க.”

ஏகாம்பரம் அண்ணன் கேமரா முன்னால் போய் நின்றுகொண்டு, கூத்தில் கட்டியக்காரன் போலக் கத்தினார். “அடியே! செவலை மாட்ட நாளைக்கே பழையசீவரத்து ஆளுக்குக் குடுத்துடலாம்னு கீறேன்!” எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தசரதனுக்கு அந்த மாட்டின்மேல் ரொம்ப நாளாகக் கண் என்று கன்னியம்மாதான் சொல்லியிருந்தார்.

போட்ட டீ ஆறுவதற்குள் பின்வீட்டுத் தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். “இன்னாண்ணா இது, செவலைய வெளியாளுக்கு ஓட்டி வுடறியாமே? தம்பி நான் ஒருத்தன் இல்ல?”

“உனக்கு யாரு சொன்னது?” என்றார் கன்னியம்மா.

“ஊரே பேசிக்கினு கீது அண்ணி.”

“ஊருக்கு நாங்க இன்னும் சொல்லவே இல்லியே தசரதா!”

தேள் கொட்டிய திருடன் போல நின்றார் மனிதர். பிறகு முனகினார். “பையன் சும்மாதான் போட்டுப் பாத்தான். உன் நம்பரும் புள்ள பேரும்... தொறந்துக்கிச்சி. வூட்ல டிவி மாதிரி பாத்துக்கினு இருந்தாங்க.” நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டார். அண்ணன் அவரைத் திட்டக்கூட இல்லை. சுகந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள்.

அப்புறம் என் வேலையைச் செய்தேன். கேமரா ஆப்பில் எல்லா போன்களையும் லாக்அவுட் பண்ணினேன். ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, கிடப்பில் இருந்த அப்டேட்டையும் போட்டேன். வீட்டு ஆட்கள் பேசுகிற ஹாலில் கேமரா எதற்கு? கழற்றி வாசலைப் பார்த்த மாதிரி மாட்டிவிட்டேன். பிள்ளையைப் பார்க்க வீடியோ கால் இருக்கிறது. வைஃபைக்கு ஒன்று, கேமராவுக்கு வேறொன்று என்று புதிய பாஸ்வேர்டுகள் வேண்டும்.

பிள்ளைகளே, ஸ்லோ என்று கம்ப்ளெயின்ட் வந்தால் முதலில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பேனரில் அடிக்கிற எதையும் பாஸ்வேர்டாக வைக்க விடாதீர்கள். நம்முடைய பெயர், ஊர், தேதி எல்லாம் சொந்தக்காரர்களுக்கு மனப்பாடம். சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைக் கோர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

“புதுசு யாரு வெக்கிறீங்க?” என்று கேட்டேன். அண்ணன் மனைவியைப் பார்த்தார். கன்னியம்மா எழுந்து வாசற்படிக்குப் போய் அந்தத் துணிப்பையைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார். பைக்கில் இருந்தவனைப் பார்த்து, “எறங்கி வாப்பா, சாப்ட்டு போ” என்றார். பிறகு என் கையில் பாஸ்வேர்டு மாற்றும் பக்கம் திறந்திருந்த போனை வாங்கி மருமகளிடம் நீட்டினார்.

“நீயே வையி. எங்கிட்டகூட சொல்லாத. என் வாயில நிக்காது.”