பெயர் இருந்தால் பஸ் நிற்கும்

“ஐப்பசி, புதன். மதிய பஸ். நிறுத்தத்துக்குப் பெயர் தேடினோம்.” பயணச்சீட்டின் பின்புறம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டு இல்லை. நான் வெள்ளிமலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது என்பதால் எண்பதுகளின் தொடக்கமாக இருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறும் அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொள்ளும் கண்டக்டர் அங்கிருந்தே நிறுத்தத்தின் பெயரைக் கூவுவார். முழுப்பெயரும் காதில் விழுந்தால்தான் டிரைவர் பிரேக்கில் கால் வைப்பார். வெறும் விசிலுக்கு மசிய மாட்டார். ஆகவே பஸ் நிற்க வேண்டுமென்றால் முதலில் இடத்துக்குப் பெயர் வேண்டும். அதற்கு மலையில் யாரும் அகராதியைப் புரட்டியதில்லை. கண்ணில் பட்ட இரண்டை ஒட்டிவிடுவார்கள். புளிமேடு, கரடியோடை எல்லாம் அப்படிப் பிறந்தவை.

அன்று என் பக்கத்தில் அரிசி மூட்டையோடு ஒரு பெண். அவர் வீட்டுக்குப் பாதை பிரியும் வளைவுக்குப் பெயரில்லை. பஸ் அவரை மேலே அடுத்த ஊரில்தான் இறக்கும். மூட்டையைத் தலையில் சுமந்து அவ்வளவு தூரமும் திரும்பி இறங்க வேண்டும். முழங்கால் வீங்கியிருந்தது.

“அண்ணே, வளைவுல நிறுத்துங்க.”

“எந்த வளைவுன்னு கூவறது யக்கா? இந்த ரோடே வளைவுதான்.”

“பேரு வெச்சா நிறுத்துவீங்களா?”

“தாராளமா!”

பஸ்ஸே பெயர் வைக்கக் கிளம்பியது.

“அங்க இன்னா கீது?”

“பாறை.”

“கொரங்குப்பாறைன்னு வெய்யி.”

“அது கீழயே ஒண்ணு கீது. கொரங்கும் ஜாஸ்தி.”

“பலாமரம் ஒண்ணு ஒத்தையா நிக்குது” என்றார் அந்தப் பெண்.

ஆளுக்கொரு சொல்லாகச் சேர்த்துக் கடைசியில் பெயர் தயாரானது: ஒத்தப்பலாமரத்தடிப்பாறை.

வளைவு வந்தது. கண்டக்டர் மூச்சிழுத்துக் கூவினார். “ஒத்தப்பலா... மரத்தடி...” வாயில் பாறை வருவதற்குள் வெளியே பாறை பின்னால் போய்விட்டது. டிரைவர் கடைசி எழுத்துவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தாண்டியாச்சே! முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார். வளைவைத் தாண்டினால் செங்குத்தான ஏற்றம்; அங்கே நிறுத்த முடியாது. பஸ் குலுங்கிச் சிரித்தது. “பேரா வெச்சீங்க? ரயிலு வுட்டுக்கினு கீறீங்க!” என்று அந்தப் பெண்ணும் சிரித்தார். ஆனால் மேலே இறங்கி, மூட்டையோடு நடந்தது அவர்தான்.

அடுத்த புதனும் அதே பஸ், அதே மூட்டை. வளைவுக்கு முன்பே பின்னாலிருந்து கண்டக்டரின் குரல் வந்தது: “பலாப்பாறை!”

ஒத்தையும் மரமும் அடியும் ஒரே வாரத்தில் உதிர்ந்திருந்தன. பஸ் நின்றது. மூட்டையைக் கைமாற்றி இறக்கினோம். பாதை அவர் காலடியிலேயே தொடங்கியது. திரும்பிப் பார்க்காமல் போனார். போகும்போது பாடிக்கொண்டு போனார்.

பெயரைச் சுருக்கியது யார் என்று பிறகு விசாரித்தேன். கண்டக்டர் தான்தான் என்றார். டிரைவரும் தான்தான் என்றார். அந்தப் பெண்ணோ, “மூட்ட தூக்கிக்கினு நடந்தது நானு, சுருக்குனது அவுங்களாமா?” என்றார். மூவரில் யார் என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.