கிளியனூர்க் கல்யாணமும் இரண்டு கேமராக்களும்

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு வளைகாப்பு. அக்கா மகள் கைப்பேசியில் பளிங்கு மாதிரி ஒரு படம் எடுத்தாள். எடுத்த கையோடு அதன்மேல் பொடிப்பொடியாகப் புள்ளி தூவி, பழுப்பேற்றி, "ஃபிலிம் மாதிரியே இருக்குல்ல சித்தி?" என்று நீட்டினாள். ஃபிலிமில் விழுந்த அந்தப் புள்ளியை ஒழிக்கத்தான் எத்தனை மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ, பாவம். எனக்கோ அங்கே மணந்த சந்தனத்தில் மனசு எங்கேயோ போய்விட்டது. சந்தனம் என்றால் கல்யாணம், கல்யாணம் என்றால் தனசேகர் அண்ணன்.

விழுப்புரத்தில் அவருடைய ஸ்டுடியோவில்தான் எனக்கு முதல் வேலை. ரசீது எழுதுவேன், பாஸ்போர்ட் போட்டோ வெட்டித் தருவேன், மீதி நேரமெல்லாம் சண்டை கேட்பேன். சண்டை அவருக்கும் அவர் மனைவியின் தம்பி குமாருக்கும். குமார் சென்னையிலிருந்து டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தான்.

"ஃபிலிமோட தெளிவு இதுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராதுடா."

"நீங்க ஃபிலிம லேபுக்கு அனுப்பிக் கழுவிக்கினே இருங்க மாமா. நான் இப்பவே காட்டறேன் பாருங்க."

உலகம் இந்தத் தீர்ப்புக்காகத்தான் காத்திருந்தது போல, கிளியனூரில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் கிளம்பினார்கள். பேட்டரிப் பை சுமக்க நானும். தாலி கட்டும் நேரத்தில் குமார் பொத்தானை அமுக்கினான். அவன் கேமரா தீர யோசித்துவிட்டு, மாப்பிள்ளையின் முழங்கையையும் பறக்கும் அரிசியையும் பிடித்தது. அண்ணன் சரியான நொடியில் அமுக்கிவிட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பாண்டிச்சேரி லேபிலிருந்து அண்ணனின் ரோல் திரும்பி வந்தது. முழுக்க வெறும் ஆரஞ்சு நிறம். கேமராவுக்குள் ஃபிலிமின் நுனி மாட்டவே இல்லையாம்; ரோல் சுற்றாமல் ஒரு படமும் விழவில்லை. தெளிவில் குறை சொல்ல முடியாது. ஒரு தூசிகூட இல்லை.

பெண்ணின் அம்மா ஒரு பை மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, வந்தார். கூடத்தில் மாட்டத் தாலி கட்டும் படம் பெரிதாக வேண்டும் அவருக்கு. குமார் தன் மற்றப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டியதில் பெண்ணின் முகம் கட்டம்போட்ட லுங்கியாகியிருந்தது.

"ஏங்க, அப்ப எம்பொண்ணுக்குத் தாலியே கட்டலையா?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனும் குமாரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்தக் கடையில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை.

கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் அதே பட்டில் ஸ்டுடியோவுக்கே வந்தார்கள். கட்டிய தாலி கழுத்தில் இருக்க, வெறும் மஞ்சள் கயிற்றைப் பிடித்துச் சும்மா நடித்தால் போதும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை அதற்கே கயிற்றை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருவாட்டி கட்டனவருதானே? ஜல்தி கட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெடித்துச் சிரித்தாள். இரண்டு கேமராவின் பொத்தான்களும் ஒன்றாக அமுங்கின.

இரண்டு பிரிண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள் போல மாமனும் மச்சானும் நின்றார்கள். அந்த அம்மா மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே? அன்னைக்குப் பூரா அழுதுகினே இருந்தா. இதுல சிரிக்கிறா. எதையாவது போட்டுக் குடுங்க."

எந்தப் படத்துக்குச் சட்டம் போட்டோம் என்பதில் அண்ணன் கடைசிவரை ஒன்று சொன்னார், குமார் ஒன்று சொன்னான்.

இப்போது அந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். குமாரை விழுப்புரம் பஸ் நிலையத்தில் பார்த்தபோது, எடுக்கிற படமெல்லாம் இப்போது அவ்வளவு தெளிவாமே, அவன் கட்சி ஜெயித்துவிட்டதே என்று சீண்டினேன்.

"ஜெயிச்சி இன்னா பண்றது? கேமராவ வித்துட்டேன்," என்றான். "மாமா இல்லாம யாராண்ட காட்டறது?"