திடல் வாங்க நாவலப்பிட்டி போய் வந்தது

நாவலப்பிட்டி வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிய மறுவருஷம், செப்டெம்பர் இரண்டாம் சனிக்கிழமை, காலை ஏழு பத்து வண்டியில் நானும் காதர் நானாவும் கண்டியிலிருந்து புறப்பட்டோம். போன காரியம், எங்கள் உதைபந்துச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு திடல் வாங்குவது. நான் ஒரு காப்பிப் பண்டசாலையில் கிளாக்கர், சங்கத்துக்குக் காரியதரிசி. நானா புடைவைக் கடைக்காரர்; சங்கத்தின் பணப்பெட்டி அவரிடம். பெட்டியைத் திறப்பதைவிட அவரைத் திறப்பது கஷ்டம்.

இதுவரை நாங்கள் விளையாடியது வாடகைத் திடலில். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு காப்பி முதலாளி கொட்டை உலர்த்தும் மண்களம் அது. மாதம் நாலு ரூபாய். கண்டியில் நூறு அடி தட்டையாக நிலம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் அவர் சொன்னதுதான் விலை. பழம் எடுக்கும் காலம் வந்துவிட்டால் களம் முழுக்கப் பாய் விரித்துக் காப்பியைக் கொட்டுவார்கள். நாங்கள் தை மாதம் வரைக்கும் வீட்டுச் சுவரில் உதைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

போன ஒக்டோபரில் நடந்ததைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். நாவலப்பிட்டி ரயில்பாதை வேலையாட்களின் அணி எங்களோடு விளையாட வந்திருந்தது. ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் இருபது நிமிஷம். ஒரு வாரமாக மூடிக் கிடந்த வானம் அந்த நேரம் பார்த்து வெளுத்தது. உடனே முதலாளியின் கங்காணி முப்பது ஆட்களோடும் பாய்க்கட்டுகளோடும் வந்து நின்றார். "வெயில் வந்திருச்சு. எழும்புங்க, எழும்புங்க!" என்றார். நாங்கள் என்னவோ படுத்துக் கிடந்ததுபோல! முதல் பாயை எங்கள் கோல் வாசலிலேயே விரித்தார்கள். வந்த அணியில் ஒருவன், "ஒங்க கோல்காரரவிட காப்பி நல்லா மறிக்குது" என்றான். அன்றைக்குத் தீர்மானித்தேன். எழும்பு என்று சொல்ல ஆளில்லாத ஓர் இடம் எங்களுக்கு வேண்டும்.

சொந்தமா, வாடகையா என்று சங்கம் நாலு மணித்தியாலம் பேசியது. சொந்தத் திடல் என்றால் வேலி போடலாம், உட்கார மூங்கில் வாங்கு கட்டி ஆளுக்கு ஐந்து சதம் வாங்கலாம் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். நானா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "காணி வாங்கினா வேலிக்கு ஆள் வேணும், காவலுக்கு ஆள் வேணும், வரி கட்ட வேணும். பொறகு பந்து ஒதைக்கிறது எப்ப தம்பி?" கடைசியில் பதினொரு பேரில் ஏழு பேர் என் பக்கம் கை தூக்கினார்கள். சங்கத்தின் மூன்று வருஷச் சேமிப்பு நூற்று எழுபத்திரண்டு ரூபாய். அதை நம்பித்தான் பயணம்.

பேராதனையில் ஆற்றோரமாக ஒரு தட்டைக் காணி விலைக்கு இருப்பதாக ஒரு வண்டிக்காரர் சொல்லியிருந்தார். உரிமையாளர் அப்புகாமி நாவலப்பிட்டியில் மாட்டுவண்டிக் கொட்டகை வைத்திருப்பவர். முதலில் காணியைப் பார்க்கலாம் என்றார் நானா. வேறு யாரோ விலை பேசுகிறார்கள் என்ற பதற்றத்தில் முதலில் ஆளைப் பார்ப்போம் என்று நான் அடம்பிடித்தேன். அது முதல் பிழை.

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி இருபத்தொரு மைல். மூன்றாம் வகுப்பு ஐம்பத்தைந்து சதம். நாலு மைலில் பேராதனைச் சந்தியில் இறக்கிவிடுவார்கள். கொழும்பு வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஐம்பது நிமிஷம் என்றார் ஸ்டேஷன்காரர். ஒரு மணியும் இருபது நிமிஷமும் ஆனது. உட்கார ஒரே வாங்கு. அதிலும் யாரோ கோழிக்கூடையை வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு நாவலப்பிட்டியில் இறங்கினால், மலையிலிருந்து காப்பி மூட்டை இறக்க வந்த வண்டிகள் ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வரை நெருக்கியடித்து நிற்கின்றன. ஊரே சாணியும் காப்பியுமாக மணக்கிறது. சரி, இங்கேயாவது நல்ல காப்பி கிடைக்கும் என்று இரண்டு சதம் கொடுத்து ஒரு கோப்பை வாங்கினேன். வறுத்த உமித் தண்ணீர். நல்ல கொட்டையெல்லாம் கப்பலேறிப் போய்விடுகிறது. விளைகிற ஊரில் கழிவுதான் மிச்சம். அப்பம் மட்டும் நன்றாக இருந்தது, இரண்டு சதத்துக்கு மூன்று.

அப்புகாமி மரியாதையான மனிதர். உட்காரக் கதிரை போட்டார். வண்டிக்காரர்களோடு பழகிய தமிழ் நன்றாகவே வந்தது. பண்டசாலையில் காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பழகியவன் என்ற தைரியத்தில் நான் வரிசையாகக் கேட்டேன். வழக்கு உண்டா? அடமானம் உண்டா? பாதை உண்டா? வெள்ளம் ஏறுமா? ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார்.

"அப்பா விட்டுட்டுப் போன காணி மாத்தயா. என் பங்கு முழுக்க குடுக்கிறேன். நூத்தி அறுபது."

காப்பித் தோட்டத்துக் காணிகள் அரசாங்கத்திடமிருந்து வாங்கியவை. அளந்து, கல் நட்டு, படம் வரைந்து, இன்னாருடையது என்று எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்த காணி அதுதான். அதனால் பங்கு என்றதும், பிரித்துக் கொடுத்த துண்டு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். நானா என் சட்டையை இரண்டு தரம் இழுத்தார். நான் திரும்பவில்லை. ஐம்பது ரூபாய் முற்பணம் எண்ணிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் உறுதி முடிப்பதாகப் பேசி, ஒன்று நாற்பது வண்டியில் திரும்பினோம்.

"காணியப் பார்க்க முந்தி காசக் குடுக்கிறது எந்த ஊருப் பழக்கம்?" என்று நானா கம்பளை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். கம்பளைக்குப் பிறகு தூங்கிவிட்டார். அந்த மட்டில் நிம்மதி.

பேராதனையில் இறங்கும்போது மணி மூன்று. பாலத்தைத் தாண்டிக் கம்பளை வீதியில் ஒன்றேகால் மைல் நடை. பிறகு ஒரு வாய்க்கால் ஓரமாக இறங்க வேண்டும். இங்கே அட்டை உண்டு, சுண்ணாம்பு கொண்டுபோங்கள். இறங்கியதும் என் எரிச்சலெல்லாம் போய்விட்டது. கண்டிப் பக்கம் அப்படி ஒரு தட்டை நிலத்தை நான் பார்த்ததில்லை. அறுவடை முடிந்த வயல். தாள் காய்ந்து நின்றது. நானா நீளத்தில் நடந்து நூற்றுப் பத்துத் தப்படி வைத்தார், அகலத்தில் எழுபது. நட்டநடுவில் குறுக்காக ஒரே ஒரு வரம்பு.

"நடுக்கோடு கூடப் போட்டு வச்சி ஈக்கு" என்றார் நானா. காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்த நேரம் வாய்க்காலில் மண் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் மண்வெட்டியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் கிரிமெனிக்கா. அப்புகாமியின் காலஞ்சென்ற தம்பியின் மனைவி. சிங்களம் மட்டுமே பேசினார். நானாதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காணி வாங்கிய விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியமும் படவில்லை. "நல்லது. உங்கள் வருஷம் இன்னும் மூன்று வருஷத்தில் வரும்" என்றார்.

என்ன மூன்று வருஷம்?

நானாவின் முகம் மாறியது. அவர் நிறையக் கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். இந்த வயலுக்கு நாலு பங்காளிகள். வயலை வெட்டிப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் யாருக்கும் உழ முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அதனால் வருஷத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். முழு வயலும் ஒரு வருஷம் ஒருவருக்கு, அடுத்த வருஷம் அடுத்தவருக்கு. தட்டுமாறு என்று பெயர். போன வருஷம் அப்புகாமியுடையது. இந்தச் சித்திரையிலிருந்து கிரிமெனிக்காவுடையது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சகோதரர்கள். ஆக, நாங்கள் நூற்று அறுபது ரூபாய் கொடுத்து வாங்குவது நாலு வருஷத்தில் ஒரு வருஷம். மற்ற மூன்று வருஷமும் எங்கள் சொந்தத் திடலில் கால் வைக்க வேறொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் போட முடியாது. காப்பி முதலாளியாவது வருஷத்துக்கு எட்டு மாதம் தருகிறார்!

கிரிமெனிக்கா ஒரு கேள்வி கேட்டார். எங்கள் வருஷத்தில் நெல் போடுவோமா?

"பந்து விளையாடுவோம்னு சொல்லுங்க நானா."

அதைக் கேட்டதும்தான் அவர் முகம் சுருங்கியது. ஒரு வருஷம் முழுக்க வரம்பில்லாமல், வாய்க்கால் தூர்வாராமல், இருபது பேர் மிதித்து இறுக்கிய மண் அடுத்த சித்திரையில் தன் கைக்கு வரும். அதை எருமைகள் எப்படி உழும் என்று கேட்டார். அப்புகாமிக்கு அடுத்த முறை கிரிமெனிக்காவுடையது. அவருக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற நெல் அது.

மறுநாள் ஞாயிறு. அதே வண்டி, அதே ஐம்பத்தைந்து சதம், சந்தியில் இம்முறை ஒரு மணி நேரம். நான் கத்துவதற்குத் தயாராகப் போனேன். அப்புகாமிக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"இந்த வருஷம் யாருடையதுன்னு மாத்தயா கேக்கவே இல்லையே? வயல் வாங்க வர்ற எல்லாரும் முதல்ல அதத்தானே கேப்பாங்க."

முத்திரைத்தாளுக்கு ஆன இரண்டு ரூபாயைக் கழித்துக்கொண்டு நாற்பத்தெட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம், அதற்கும் வழியில்லை. நானாவோ, நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பெரிய எரிச்சல்.

ஆனால் திரும்பும் வழியில் அவர் என்னைப் பேராதனையில் இறக்கினார். ஒக்டோபர் முதல் சனிக்கிழமை ரயில்பாதை அணி மறுபடி வருகிறது. இந்த வருஷம் பழம் முந்தியே பழுத்துவிட்டதால் களத்தைச் செப்டெம்பர் கடைசியில் மூடுவதாக முதலாளி அறிவித்துவிட்டார். நானா வரம்பில் குந்தி கிரிமெனிக்காவிடம் அரை மணி நேரம் பேசினார். ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய். நடு வரம்பை வெட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் நாங்களே கட்டிக் கொடுக்க வேண்டும். மழை விழுந்த நிமிஷம் நிலத்தை விட்டுவிட வேண்டும். முதல் மழையில் உழாவிட்டால் எருமை இரவல் கொடுத்தவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பேச்சு முடிந்தது.

இனி இந்தப் பக்கம் காணி பார்க்கப் போகிறவர்களுக்கு. உறுதியைக் கேளுங்கள், பாதையைக் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வருஷம் யாருடைய முறை என்று கேளுங்கள். சிங்களம் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். அவர் சட்டையை இழுத்தால் திரும்பிப் பாருங்கள். சந்தியில் காத்திருக்கச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நாவலப்பிட்டியில் காப்பி குடிக்காதீர்கள். இரண்டு நாளுக்கும் எனக்கு ஆன செலவு, முத்திரைத்தாளையும் சேர்த்து, நாலு ரூபாய் அறுபத்தைந்து சதம். சொந்தமா, வாடகையா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொந்தத் திடல்தான் வேண்டும். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன்.

ஆனாலும் அந்த ஒக்டோபர் சனிக்கிழமையைச் சொல்லாமல் விட முடியாது. வெறுங்காலில் தாள் குத்த விளையாடினோம். மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. பத்து நிமிஷம் இருக்கும்போது பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது. பார்த்தால் கிரிமெனிக்கா இரண்டு எருமைகளோடு வாய்க்கால் கரையில் நிற்கிறார். பேச்சுப்படி நாங்கள் நிறுத்த வேண்டும். ரயில்பாதை அணியில் போன வருஷம் கேலி செய்த அதே ஆள், "இப்ப எரும வந்திருச்சு" என்று சிரித்தான். கிரிமெனிக்கா வாயைத் திறக்கும் முன் நாமே போய்விடுவோம் என்று நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்து, விளையாடுங்கள் என்பதுபோல் கையை அசைத்தார். எருமைக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் ஒரு தாளிப்பனை ஓலையைப் பிடித்துக்கொண்டு, வரம்பில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். அது தனி எரிச்சல். விசில் ஊதியதும் நான் நேரே போய்க் கோல் மூங்கிலைப் பிடுங்கினேன். நானா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்புக்கு மண் அள்ளினார். தோற்றவர்களும் ஜெயித்தவர்களுமாகச் சேற்றில் இறங்கி வரம்பைக் கட்டினோம். கால் மணி நேரம் பிடித்தது. கடைசி மண்ணைத் தட்டி முடித்த பிறகுதான் கிரிமெனிக்கா எழும்பினார்.