பௌர்ணமி அன்று வந்த ஆய்வு

பச்சையம்மாளை நான் முதலில் பார்த்தது, பேருந்து நிலையம் பக்கத்தில் நான் வேலை பார்த்த கணினி மையத்தில்.

"காது கேக்காத புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துறேன் தம்பி. அங்கீகாரத்துக்கு எழுதிக் குடு" என்றார்.

செங்கம் சாலை விடுதிகளில் அறை பெருக்கியவர். காது கேளாத மகள் கவிநிலாவை வெளியூரில் படிக்கவைத்து, அவளிடமே கைமொழி கற்றுக்கொண்டவர். அடி அண்ணாமலையில் இரண்டு அறைகளில் தாயும் மகளும் பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பக்கத்தில் எங்கள் கிராமத்தின் முதல் பட்டதாரி நான். விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பினேன். ஆய்வுக்கு எந்த நாள் வசதி என்ற கட்டத்தில், அவரைக் கேட்காமலே ஒரு செவ்வாய்க்கிழமையைப் போட்டேன்.

அது பௌர்ணமி. ஊரே கிரிவலக் கூட்டமாக இருக்கும்; இங்கே வளைகாப்புக்குக்கூட அதைத் தவிர்த்துத்தான் நாள் வைப்பார்கள். தெரிந்தபின் மாற்றக் கேட்டோம்; முடியாது என்றுவிட்டார்கள்.

அன்று காலை வகுப்பில் இரண்டே பிள்ளைகள். பத்துப் பேர் இருந்தால்தான் அங்கீகாரம். ஒன்பது பௌர்ணமி மலையைச் சுற்றினால் பேச்சு வரும் என்ற வேண்டுதலில் மற்றவர்களைப் பெற்றோர் கிரிவலம் கூட்டிப்போயிருந்தார்கள். கவிநிலாவை வகுப்பில் விட்டுவிட்டு நாங்கள் சாலைக்கு ஓடினோம்.

கூட்டத்தில் ஒரு பையன் தெரிந்ததும் "ராஜா, ராஜா" என்று கத்தினேன்.

"யாரைக் கூப்புடுற? அவனுக்குக் கேக்குமா?" என்ற பச்சையம்மாள், பழக்கடை முக்காலிமேல் ஏறி, இரண்டு கைகளையும் தூக்கி வா, வா என்று காட்டினார். அவர் மலையைக் கும்பிடுவதாக நினைத்து நாலைந்து பேர் தாங்களும் கை தூக்கி அரோகரா போட்டார்கள்.

ராஜா பார்த்துவிட்டான். ஒரு கை அம்மாவிடம், ஒரு கை அப்பாவிடம். இழுத்துப் பார்த்தான்.

"கைய ஆட்டியே பழகிட்டா வாய் தொறக்க மாட்டான்னு சொல்றாங்கக்கா" என்றாள் அம்மா. "இன்னும் மூணு பௌர்ணமிதான்."

"ஒரு மணி நேரம் உடும்மா. அப்புறம் நானே சுத்திக் கூட்டினு வர்றேன்."

"பாதியில திரும்பினா வேண்டுதல் போயிடும்க்கா."

ராஜா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான். இரண்டு கைகளும் பிடியில் இருந்ததால் அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அதிகாரி வந்தபோது ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். "பௌர்ணமி அன்னிக்கு யாருங்க நாள் கேட்டது?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், "நான்தாங்க" என்றார் பச்சையம்மாள்.

அங்கீகாரம் கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். இப்போது பச்சையம்மாள் காலையில் பழையபடி விடுதி அறைகளைப் பெருக்குகிறார். மதியத்துக்குமேல் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். ராஜா வருவதில்லை.